மாஸ்டருக்குக் கை போகவில்லை

எனக்குச் சித்திரம் படிப்பித்த மாஸ்டரின் ஓவியக் கண்காட்சித் திறப்பில் சனிக்கிழமை நடந்ததை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். அந்த வீடியோவை எனக்கு மட்டும் நாலு பேர் அனுப்பினார்கள். நடந்ததை நான் திரும்ப எழுதப் போவதில்லை. மேடையில் பேசியவரின் பெயரும் இங்கே வராது. அவர் சொன்ன ஒரு வசனம் இரண்டு இரவாக என்னைத் தூங்கவிடவில்லை, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

"மாஸ்டருக்கு இப்ப கை போயிட்டுது. பழையபடி கோணேசர் மலையைக் கீறித் தாங்கோ மாஸ்டர்."

சபை சிரித்தது. முன்வரிசையில் இருந்த மாஸ்டரும் சிரித்தார். எழுபத்தாறு வயதில், தன் படங்கள் தொங்குகிற மண்டபத்தில், சபைக்காகச் சிரிக்க வேண்டியிருந்தது அவருக்கு.

மாஸ்டருக்குக் கை போகவில்லை. எத்தனை பேர் கோபித்தாலும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

அவருடைய வீட்டு விறாந்தையில் நான் ஐந்து வருசம் சித்திரம் படித்தேன். முதல் மூன்று கிழமையும் ஒரே ஒரு பூவரசம் இலை. பென்சில் மட்டும்தான், அழிறப்பர் கூடாது. நான் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்ததை அம்மா இப்போதும் சொல்லுவா. அந்தக் காலத்து மாஸ்டரின் வோட்டர் கலர் படங்கள் உங்களுக்குத் தெரியும். திருகோணமலை டச்சு பே பக்கமிருந்து பார்க்கும் கோணேசர் மலை, கோட்டைக்குள் மேயும் மான்கள், விடியப்புறம் கரைவலை இழுக்கிறவர்கள். எங்கள் வீட்டு முன்னறையிலும் ஒன்று இருக்கிறது. அழகான படம், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

இப்போது மண்டபத்தில் தொங்குவது வேறு. பெரிய கன்வஸ்கள், சாம்பலும் மண்ணிறமும், சிலதில் துருப்பிடித்த சிவப்பு. மலை இல்லை, மான் இல்லை. எல்லாவற்றிலும் குறுக்காக ஒரு கோடு ஓடுகிறது. "கோடு போட எனக்கும் தெரியும்" என்று ஒரு தம்பி கொமென்ட் போட்டிருந்தார். அதற்கு இருநூறுக்கு மேல் லைக்.

தம்பி, அந்தக் கோடு எங்கேயிருந்து வந்தது என்று நான் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மாஸ்டர் இரண்டு வருசம் கடலைக் கீறவே இல்லை. பிறகு சுவர்களைக் கீறத் தொடங்கினார். கூரை போன வீடுகளின் சுவர்கள். தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நின்றது என்று அந்தச் சுவர்களில் ஒரு அழுக்குக் கோடு இருந்ததே, நினைவிருக்கிறதா? அதை ஒவ்வொரு சுவரிலும் பார்த்துப் பார்த்துக் கீறினார். ஜன்னலும் கதவும் இருந்த படங்கள் அவை, யார் வீடு என்றுகூடச் சொல்லலாம். அடுத்தடுத்த வருசங்களில் ஜன்னல் போனது, கதவு போனது, கடைசியில் சுவரும் போனது. கோடு மிஞ்சியது. பதினைந்து வருசமாக அவர் அதை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தார். நாங்கள் போருக்கு முந்தின 1982இலேயே நின்றுவிட்டு, அவர் வழிதவறிவிட்டார் என்கிறோம்.

ஒல்லாந்து ஓவியர் மொண்ட்ரியான் என்றால் சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்களும் கறுப்புக் கோடுகளும்தான் பலருக்குத் தெரியும். அந்த மனிதர் முதலில் மரம் வரைந்தவர். 1908 அளவில் அவர் வரைந்த சிவப்பு மரத்தில் கிளை கிளையாகத் தெரியும். 1911இல் வரைந்த சாம்பல் மரத்தில் கிளைகள் வளைகோடுகளாகிவிட்டன. அதன்பிறகு மரமே போய்விட்டது. இந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கும். கட்டத்தை மட்டும் தனியே பார்த்தால் யாருக்கும் விளங்காது. பிறகு எழுபது வயதில், போருக்குத் தப்பி நியூயோர்க் போயிருந்த நேரம், இத்தனை வருசம் காப்பாற்றிய கறுப்புக் கோடுகளையும் கைவிட்டு, மஞ்சள் கோடுகள் துள்ளுகிற ஒரு படம் வரைந்தார். "பழையபடி மரத்தைக் கீறுங்கோ" என்று அவரிடமும் யாராவது சொல்லியிருப்பார்களோ என்னவோ.

வெள்ளைக்காரர் கதை எதற்கு என்பீர்கள். சரி, தமிழ் ஆளையே எடுப்போம். தமிழ்நாட்டு ஓவியர் ஆதிமூலம். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களைத் தெரியாத ஓவிய மாணவர் இருக்க முடியாது. கறுப்பு மைக் கோட்டிலே பெயர் எடுத்தவர், அதன்பிறகு எண்ணெய் வண்ணத்துக்குப் போய் உருவமே இல்லாத நிலக்காட்சிகள் செய்தார். நிறம் மட்டும். அந்தக் கைக்குக் கோடு மறந்துபோனதால் செய்தார் என்று யாராவது சொல்ல முடியுமா?

அப்புறம் அந்தக் கை நடுக்கம். ஆம், மாஸ்டரின் கை நடுங்குகிறது. திறப்பு விழாவில் தேத்தண்ணிக் கோப்பையை அவர் இரண்டு கையாலும் பிடித்ததை நானும் பார்த்தேன். ஒரு கொமென்டில் அதையும் எழுதியிருந்தீர்கள். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸுக்கு 1941இல் பெரிய சத்திரசிகிச்சை. அதற்குப் பிறகு நெடுநேரம் நின்று வரைய முடியவில்லை, கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும்தான் பெரும்பாலும் காலம் போனது. அவர் கத்தரிக்கோலை எடுத்தார். உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த தாள்களை வெட்டி வெட்டி ஒட்டவைத்தார். 1953இல், இறப்பதற்கு முந்தின வருசம், 'நத்தை' என்று ஒன்று செய்தார். ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரமும் அதே அகலமும். உடம்பு ஒரு வாசலை மூடினால் இன்னொரு வாசலால் போகிறவனைத்தான் நான் கலைஞன் என்பேன். மாஸ்டர் மெல்லிய தூரிகையை விட்டுவிட்டு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற பெரிய பிறஸ்ஸை எடுத்ததும் அப்படித்தான். அந்தக் கோட்டில் தெரிகிற நடுக்கத்தை அவர் மறைக்கவில்லை. எனக்கு அந்தக் கண்காட்சியிலேயே மிகப் பிடித்தது அதுதான்.

"எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லவும் உரிமை இல்லையா?" இருக்கிறது. தாராளமாகச் சொல்லுங்கள். விளங்கவில்லை என்றும் சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் அங்கேயேதான் இருந்தார், பக்கத்தில் போய்க் கேட்டிருக்கலாம். நான் நின்ற இரண்டரை மணித்தியாலத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மட்டும்தான் கேட்டது. அந்தப் பிள்ளைக்கு அவர் அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினார்.

"நீ அவருடைய மாணவி, அப்படித்தான் பேசுவாய்." ஆம், மாணவிதான்.

"விளங்காததை எல்லாம் நவீன ஓவியம் என்று ஏமாற்றுகிறார்கள்." ஏமாற்றுகிறவர்கள் இருக்கலாம். ஐம்பது வருசம் இலையும் வலையும் மலையும் கீறிய ஒருவரை அந்தக் கூட்டத்தில் சேர்ப்பதற்கு மனம் எப்படி வருகிறது?

1970இல் நியூயோர்க்கில் ஃபிலிப் கஸ்டன் என்ற ஓவியர், பெயர் வாங்கித் தந்த, உருவமில்லாத அருவ ஓவியத்தை விட்டுவிட்டு, முகமூடி போட்ட உருவங்களும் சப்பாத்துகளும் சிகரட்டுகளுமாகக் கேலிச்சித்திரம் போன்ற படங்களைக் காட்சிக்கு வைத்தார். விமர்சகர்கள் கிழித்தெறிந்தார்கள். நெருங்கிய நண்பர் ஒருவர், பெரிய இசையமைப்பாளர், அதோடு அவரைவிட்டே விலகிப் போனார். இன்றைக்கு கஸ்டன் என்றால் முதலில் பேசப்படுவது அந்தப் படங்கள்தான். ஆனால் அவர் 1980இலேயே இறந்துவிட்டார். மாஸ்டர் விசயத்திலும் நாங்கள் அப்படித்தான் செய்யப் போகிறோமா? செத்த பிறகு மாலை போட்டு, "மாபெரும் கலைஞன்" என்று பதாகை கட்டப் போகிறோமா?

எனக்கு உங்கள் ஆசையும் விளங்காமல் இல்லை. எங்களுக்கு எவ்வளவோ போய்விட்டது. வீடு, காணி, ஆட்கள். அந்தப் பழைய மலைப் படத்தில் எல்லாம் போவதற்கு முந்தின ஊர் இருக்கிறது. அதை யாராவது ஒருவர் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். ஆனால் மாஸ்டருக்கும்தானே எல்லாம் போனது. எங்களுக்காக அவர் ஒன்றும் நடக்காத மாதிரி ஒவ்வொரு வருசமும் அதே மலையைக் கீறிக்கொண்டிருக்க வேண்டுமா?

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா என்று யோசித்தேன். நானும் கேட்டிருக்கிறேன். ஒன்பது வருசத்துக்கு முன் கனடாவில் அண்ணாவின் வீடு குடிபூரலுக்கு என்ன கொடுக்கலாம் என்று தேடி, மாஸ்டரிடம் போய், "பழையபடி ஒரு கோணேசர் மலை" என்று இதே வார்த்தையில் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாளில் தந்தார். காசு வாங்கவில்லை. டச்சு பே, மலை, ஓரத்தில் ஒரு வள்ளம். அச்சு அசல் அந்தக் காலத்துப் படம். நான் துள்ளிக்கொண்டு பார்சல் கட்டினேன்.

நேற்றிரவு வீடியோ கோலில் அண்ணாவுக்குப் பின்னால் அந்தப் படம் தெரிந்தது. கிட்டக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னேன். சுனாமிக்குப் பிறகு மாஸ்டர் தன் கையெழுத்தை மாற்றிக்கொண்டவர். படத்தின் பின்பக்கம், சின்னதாக, முதலெழுத்து மட்டும்தான் போடுவார். அண்ணாவின் படத்தில் முன்பக்கம் வலது மூலையில் முழுப்பெயர், கீழே வளைத்து ஒரு கோடு. நான் விறாந்தையில் படித்த காலத்தில் போட்ட கையெழுத்து. நான் கேட்டது பழைய மாஸ்டரை என்பதால், பழைய மாஸ்டரின் பெயரையே போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒன்பது வருசமாக நான் அதைக் கவனிக்கவே இல்லை.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இருக்கிறது. பின்னேரங்களில் மாஸ்டர் அங்கேதான் இருப்பார். நாளைக்கு நான் போகிறேன்.