அடகுக் கடைக்கு முன்னால் காப்பீட்டு அட்டை

அப்பாவின் கீமோவுக்காக (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) கடைசி வளையலையும் அடகு வைத்த ஒரு பெண்ணைப் பற்றி ஒரு கட்டுரையில் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. ஆனால் தமிழக அரசின் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே! ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும். கீமோ, கதிர்வீச்சு, ஆபரேஷன் எல்லாம் அதில் உண்டு. பணம் நம் கைக்கு வராது, மருத்துவமனைக்கே போகும். அதனால் சிகிச்சை தொடங்கும் முன்பே வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு போய்க் காப்பீட்டு அட்டையை வாங்கிவிடுங்கள்.

எங்கள் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். அட்டை இருந்தும் கை கடித்தது மற்ற செலவுகளில்தான். கீமோ முடிந்த உடம்போடு பஸ்ஸில் ஏற்ற முடியாது, வியாசர்பாடியில் இருக்கும் எங்கள் வீடு வரை ஆட்டோதான். நான் லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. வாய்ப்புண்ணுக்குக் காரம் ஆகாது, மோர் சாதத்தைக் குழைத்து ஆறவைத்துத்தான் ஊட்டுவேன். இதற்கு நடுவில் அம்மா, காசு மிச்சமாகட்டும் என்று வாந்தி மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டிருக்கிறார். பெற்றவர்கள் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மாத்திரை அட்டையை நீங்களே எடுத்து எண்ணிப் பாருங்கள்.

அப்புறம், வெளியூரிலிருந்து சென்னையில் உள்ள அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கோ வருகிறவர்களுக்கு ஒன்று: சிகிச்சைக்காக ரயிலில் வரும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணமே இல்லை, கூட வரும் ஒருவருக்கு 75 சதவீதம் சலுகை. அதற்கான சான்றிதழை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.