பனியே பெய்யாத ஊரில் பனிச்சாலைப் பாடம்

போன மாதம் ரெண்டு நாள் சாலைப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்வந்தேன். நாற்பத்தாறு வயதில், தூக்குச்சட்டியில் தயிர்சாதம் எடுத்துக்கொண்டு. என்ன படிப்பு என்று கேட்டவர்களிடம் "வேலை சம்பந்தமா" என்று சமாளித்தேன். முழுப் பொய்யும் இல்லை. லைசென்ஸ் போனால் என் வேலையும் சேர்ந்து போகும்.

புதுச்சேரியில் இருக்கும் சொந்தபந்தத்துக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இங்கே ரீயூனியனில், இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இந்த பிரெஞ்சுத் தீவில், பிரெஞ்சுச் சட்டம்தான். லைசென்ஸில், நம்ம பாஷையில் பெர்மியில், 12 புள்ளி இருக்கும். தப்பு செய்யச் செய்யப் புள்ளி கழியும். பூஜ்யத்துக்கு வந்தால் பெர்மி செல்லாது, ஆறு மாதம் காத்திருந்து டாக்டர் பரிசோதனை, மனோதத்துவப் பரிசோதனை எல்லாம் முடித்துத்தான் மறுபடி வாங்க முடியும். 1989-ல் சட்டமாகி, 1992 ஜூலையில் இது நடைமுறைக்கு வந்தபோது பிரான்சில் லாரிக்காரர்கள் நெடுஞ்சாலைகளை மறித்து உட்கார்ந்தார்கள். முதல் புள்ளி கழிந்த அன்றைக்குத்தான் அவர்கள் கோபம் எனக்குப் புரிந்தது.

நான் வீடு வீடாகப் போகிற நர்ஸ். விடியற்காலை ஐந்து மணிக்கு சேன்ட் ஆந்த்ரேயில் கிளம்பினால், இன்சுலின், கட்டு மாற்றுவது, ரத்தம் எடுப்பது என்று சலாசி மலைப்பாதை முழுக்கச் சுற்றிவிட்டு மதியம்தான் வீடு. என் கணக்கு கழிந்த கதை சின்னது. ஒரு பாட்டியின் மகள் சர்க்கரை அளவு சொல்லக் கூப்பிட்டாள், ஓட்டிக்கொண்டே எடுத்தேன். வளைவு தாண்டி ஜான்தார்ம், அதாவது போலீஸ்காரர், நின்றிருந்தார். 135 யூரோ, 3 புள்ளி. நாலு மாதம் கழித்து, கரும்புத் தோட்டத்துக்கு நடுவே ஒரு ஸ்டாப் பலகை. இருட்டு, ரெண்டு பக்கமும் ஈ காக்கா இல்லை. வண்டியை முழுசாக நிறுத்தாமல் உருட்டிக்கொண்டு போனேன். கரும்புக்குப் பின்னால் ஈ காக்கா இல்லைதான், ஆனால் நீலச் சட்டை இருந்தது. மறுபடி 135 யூரோ, இந்தத் தடவை 4 புள்ளி. மீதி 5. ஆறோ அதற்குக் கீழோ வந்துவிட்டால் பதிவுத் தபாலில் எச்சரிக்கைக் கடிதம் வரும். வந்தது.

அந்தக் கடிதத்தில்தான் ஸ்டாஜ் பற்றி எழுதியிருந்தது. சாலைப் பாதுகாப்பு வகுப்பு. அடுத்தடுத்த ரெண்டு நாள், மொத்தம் 14 மணி நேரம். முழுசாக உட்கார்ந்து வந்தால் 4 புள்ளி வரைக்கும் திரும்பக் கிடைக்கும். வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் இந்த வழியில் புள்ளி ஏற்ற முடியாது. நான் கட்டியது 230 யூரோ.

"காசு குடுத்துப் புள்ளி வாங்குற கடைன்னு சொல்லு" என்றார் எங்க வீட்டுக்காரர். அவர் பெர்மியில் 12-ம் அப்படியே இருக்கிறது. அந்தத் திமிர்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 230 யூரோ கொடுக்கிறவளுக்கு எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டாமா? ராத்திரி உட்கார்ந்து சட்டத்தைத் தேடி வாசித்தேன். இந்த வகுப்புகளை யார் நடத்தலாம் என்று 2012 ஜூன் 26 தேதியிட்டு மந்திரியின் ஆணைகள் இருக்கின்றன. வாசிக்க வாசிக்க என் நினைப்பு மாறியது.

நினைத்தவர் நினைத்த இடத்தில் போர்டு மாட்டி இதை நடத்த முடியாது. பிரெஃபெக்த்யூர் என்கிற அரசு அலுவலகத்திலிருந்து அக்ரெமான், அதாவது அங்கீகாரம், வாங்க வேண்டும். அது ஐந்து வருஷத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். நடத்துபவர் மேல் குறிப்பிட்ட குற்றங்களுக்கான தண்டனை இருக்கக் கூடாது, நிர்வாகப் பயிற்சி முடித்த சான்று வேண்டும், மண்டபம் தகுதியானதாக இருக்க வேண்டும். ஆறு பேருக்குக் குறைந்தால் வகுப்பு கிடையாது, இருபதுக்கு மேல் சேர்க்கவும் கூடாது. அரசு அதிகாரி வந்து சோதிக்கலாம், ஒழுங்கில்லை என்றால் அங்கீகாரத்தைப் பறிக்கலாம். இதெல்லாம் எந்த லைசென்ஸ் விவகாரத்திலும் இருக்கும் சமாசாரம்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறு. ஒவ்வொரு வகுப்பையும் ரெண்டு பேர் சேர்ந்துதான் நடத்த வேண்டும். ஒருவர் சாலைப் பாதுகாப்பு வல்லுநர். மற்றவர் மனோதத்துவ நிபுணர், பட்டம் உள்ளவர். இருவருக்கும் அரசின் தனி அனுமதி உண்டு, அதற்கும் தனிப் பயிற்சி உண்டு. யோசித்துப் பாருங்கள். ஸ்டாப் பலகைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏன் நிறுத்தவில்லை என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் வேண்டும் என்று சட்டம் போட்டவனுக்குத் தோன்றியிருக்கிறதே, அவனுக்கு ஒரு கும்பிடு.

இதோடு நம்ம ஊரை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. வில்லியனூரில் இருக்கிற என் தம்பிக்கு டிரைவிங் பயிற்சி மையம் வைக்கும் ஆசை. இந்தியாவில் 2021 ஜூலையிலிருந்து அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. அங்கே தேறினால் ஆர்.டி.ஓ.வில் போய் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. அங்கீகாரம் அங்கேயும் ஐந்து வருஷம்தான். ஆனால் முதல் நிபந்தனை நிலம். கார் மாதிரி இலகு வண்டிக்கு ஒரு ஏக்கர், லாரி பஸ்ஸுக்கு ரெண்டு ஏக்கர். அப்புறம் சிமுலேட்டர், ஓட்டுகளம். சொல்லித்தருபவருக்கு பன்னிரண்டாம் வகுப்பும் ஐந்து வருஷ ஓட்டுநர் அனுபவமும். பாடம் 29 மணி நேரம், அதில் 21 மணி வண்டியில். தம்பி விதிகளை எனக்குப் படித்துக்காட்டிவிட்டு, "அக்கா, வில்லியனூர்ல ஒரு ஏக்கர் என்ன விலைன்னு தெரியுமா? அதுக்கு மேல எதையும் நான் படிக்கவே இல்ல" என்றான்.

ரெண்டும் ஒன்றல்ல, அது எனக்குத் தெரியும். அங்கே புதுசாக ஓட்டக் கற்பவன், இங்கே இருபது வருஷம் ஓட்டித் தலைக்கனம் ஏறினவள். அவனுக்குக் களம் வேண்டும். எனக்குக் கண்ணாடி வேண்டும். ஆனாலும் ஒரு அரசு அங்கீகாரம் கொடுக்கும்போது முதலில் எதை அளக்கிறது என்பதைப் பார்த்தால், விபத்து எங்கிருந்து வருகிறது என்று அது நினைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். என் உண்மையான புகார் இங்கேதான்.

பதினாலு பேர். ஒரு கூரை வேலைக்காரர், ரெண்டு டெலிவரிப் பையன்கள், ஒரு வாத்தியார், வங்கியில் வேலை பார்க்கும் பெண், கோயில் கமிட்டிக்காரர் ஒருவர். அவர் மல்பார், அதாவது இங்கேயே வேர்விட்ட தமிழ் வம்சாவளி, தமிழ் ஒரு வார்த்தை பேச வராது, ஆனால் தைப்பூசக் காவடிக்கு எத்தனை நாள் விரதம், என்னென்ன கட்டுப்பாடு என்று எனக்கே சொல்லித்தருவார். எல்லாரும் புள்ளிக்காக வந்தவர்களும் இல்லை. ரெண்டு பேர் கோர்ட்டு அனுப்பி வந்தவர்கள். அவர்களுக்கு இதே 14 மணி நேரம்தான், ஆனால் ஒரு புள்ளியும் திரும்பாது. மதியச் சாப்பாட்டில் அவர்கள் முகத்தைப் பார்த்துப் புள்ளி பற்றிப் பேச எங்களுக்கே கூச்சமாக இருந்தது.

மனோதத்துவ அம்மா ஜோரேய், பிரான்சிலிருந்து வந்தவர். நல்ல மனுஷி. யாரையும் குற்றவாளி மாதிரி நடத்தவில்லை. மற்றவர் சேன் லூயிப் பக்கத்து ஆள், கிரியோல்காரர். முதல் நாள் திரையில் ஓடிய படங்களைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பனி மூடிய சாலை. குளிர்கால டயர். ரெண்டு பக்கமும் பிளாத்தான் மரம் நிற்கிற கிராமச் சாலை. சேன்ட் ஆந்த்ரேயில் பிறந்து வளர்ந்த அந்தக் கூரைக்காரர் பனிச்சறுக்கலில் எப்படி பிரேக் பிடிக்க வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மதியம் சாராயப் பாடம். ஒரு அளவு கிளாஸ் என்றால் சுமார் பத்து கிராம் ஆல்கஹால். வைன் என்றால் 10 சென்டிலிட்டர், பீர் என்றால் 25, விஸ்கி என்றால் 3. எல்லாம் ஒன்றுதான் என்று படம். லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் தொட்டால் 6 புள்ளி போகும், புது பெர்மிக்காரர்களுக்கு எல்லை 0.2-தான். கோயில் கமிட்டிக்காரர் கையைத் தூக்கினார். "மதாம், ரோம் அரான்ஜே எத்தனை கிளாஸ்?" என்று கேட்டார். தெரியாதவர்களுக்கு: ரம்மில் பழமோ வனிலாவோ இஞ்சியோ போட்டு மாதக்கணக்கில் ஊற வைப்பது. இங்கே எந்த வீட்டிலும் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு சின்ன கிளாஸ் வந்து நிற்கும், வேண்டாம் என்றால் வீட்டுக்காரிக்கு மனசு கஷ்டப்படும். அந்த அம்மாவிடம் பதில் இல்லை. திரையிலும் இல்லை.

சேன் லூயிக்காரர் எழுந்தார். இந்தத் தீவுப் பேச்சுமொழியான கிரியோலுக்கு மாறினார். நம்ம வெள்ளை ரம் 49 டிகிரி, விஸ்கி 40. அப்படியென்றால் அளவு கிளாஸ் என்பது 3 சென்டிலிட்டர்கூட இல்லை, ரெண்டரைதான் வரும். மேஜையில் இருந்த காப்பி கிளாஸில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். அடியை நனைத்த மாதிரி இருந்தது. "உங்க மாமா ஊத்துறது இவ்வளவுதானா?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிக்னிக்கில் மாமா ஊற்றுவது அதில் மூணு மடங்கு என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு உடம்பு கழிப்பது 0.10-லிருந்து 0.15 கிராம்தான், காப்பி குடித்தாலும் குளித்தாலும் வேகமாகாது என்றார். கணக்குப் போட்டுப் பார்த்த டெலிவரிப் பையன் ஒருவன், "அப்போ திங்கக்கிழமை காலைல நான் ஓட்டுறது..." என்று பாதியில் நிறுத்திவிட்டான்.

அந்த இருபது நிமிஷம்தான் என் 230 யூரோவுக்கு வந்த வகுப்பு.

அதற்கப்புறம் அவர் திரையை மறந்துவிட்டார். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை கரும்பு வெட்டுக் காலத்தில் புவா ரூஜ் ஆலைக்குப் போகும் பெரிய கரும்பு லாரிகளை இங்கே கஷலோ என்பார்கள், திமிங்கலம் என்று அர்த்தம். அதன் பின்னால் மாட்டிக்கொண்டு பொறுமை இழப்பது, சாலையில் உதிர்ந்த சக்கை மழையில் சோப்பு மாதிரி வழுக்குவது, மேலே மலையில் மழை என்றால் கீழே வெயில் அடிக்கும்போதே ராதியேயில், அதாவது ஆற்றுக்குக் குறுக்கே போகும் தாழ்ந்த சாலையில், வெள்ளம் வந்து நிற்பது. சலாசிப் பாதையில் தினம் போகிற எனக்கே ரெண்டு விஷயம் புதுசு. என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "மதாம், 50-ல் போகும்போது ஒரு செகண்ட் போனைப் பார்த்தால் எத்தனை மீட்டர்?" 14 மீட்டர். அந்தப் பாட்டி வீட்டுக்குப் போகும் வளைவின் நீளமே அவ்வளவு இருக்காது.

இப்போது சொல்லுங்கள். அந்த மனுஷர் அன்றைக்கு லீவு போட்டிருந்தால்? வேறொரு வல்லுநர் வந்திருந்தால்? சட்டப்படி எந்தக் குறையும் இருந்திருக்காது. ரெண்டு பேர், ரெண்டு அனுமதி, 14 மணி நேரம், மண்டபம், கையெழுத்துத் தாள் எல்லாம் சரி. பனிச்சாலையோடு நாங்கள் வீட்டுக்கு வந்திருப்போம். நான் வாசித்த அளவில் அந்த ஆணைகளில், வகுப்பு எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊர்ச் சாலையைச் சொல்லித்தர வேண்டும் என்று ஒரு வரி என் கண்ணில் படவில்லை. பாரிஸுக்கும் இங்கே மலைமேல் இருக்கும் சிலாவோஸுக்கும் ஒரே காகிதம். சிலாவோஸ் போகும் சாலையில் நானூறு வளைவு என்பார்கள் எங்கள் ஆட்கள்.

"எல்லாருக்கும் ஒரே சட்டம், அதுதானே குடியரசு" என்று தெரிந்த வாத்தியார் ஒருவர் வாதாடினார். சட்டம் ஒன்றாக இருக்கட்டும். 0.5 கிராம் இங்கேயும் 0.5 கிராம்தான். ஆனால் அதை எந்தப் பாட்டிலை வைத்துக் காட்டுவது என்பது சட்டம் இல்லை, சமையல். கறிக்குழம்புச் செய்முறை புத்தகத்தில் ஒன்றாக இருந்தாலும் மஞ்சளை இங்கேயிருந்துதானே வாங்குகிறோம்.

நான் கேட்பது பெரிய திருத்தம் இல்லை. அங்கீகாரம் கொடுப்பவர் இந்தத் தீவில், சேன் தெனியில் உட்கார்ந்திருக்கும் பிரெஃபே. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை கோப்பு அவர் மேஜைக்கு வருகிறது. அப்போது மண்டப அளவோடு இன்னொரு கேள்வியும் கேட்கட்டும்: உங்கள் படங்களில் ரீயூனியன் சாலை எத்தனை? இருவரில் ஒருவருக்காவது கிரியோல் வருமா? பிரெஞ்சில் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, என்ன சொன்னாங்க என்று கிரியோலில் கேட்டுக்கொள்ளும் ஆட்களை நான் தினம் என் வேலையில் பார்க்கிறேன். மருந்துச் சீட்டிலேயே அப்படி என்றால் இங்கே கேட்பானேன்.

இன்னொரு பக்கம், இதை இன்னும் சுருக்கலாம், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் முடிக்கலாம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ரம் கிளாஸைப் பார்த்து அந்தப் பையன் பாதியில் நிறுத்தினானே, அது திரையில் வராது. பதினாலு பேர் எதிரில் உட்கார்ந்திருந்தால்தான் வரும். கடைசியில் பரீட்சை கிடையாது என்று குறை சொல்கிறார்கள். பரீட்சை வைத்தால் எல்லாரும் பாஸாவோம், தப்பு செய்யும்போதும் பதில் தெரிந்துதானே செய்தோம். ஒரு எச்சரிக்கை: ஆன்லைனிலேயே புள்ளி ஏற்றித் தருகிறோம் என்று விளம்பரம் வந்தால் காசு கட்டிவிடாதீர்கள். நேரில் உட்காராமல் இந்த ஸ்டாஜ் கிடையாது. அங்கீகார எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

என் புள்ளி 9 ஆகிவிட்டது. வகுப்பு முடிந்த மறுநாள் தேதியே கணக்கு. போன் இப்போது பின்சீட்டில் ஊசிப் பெட்டிக்குள் போகிறது. அங்கே ஏழரை மணி, இங்கே ஆறு. அம்மா முத்தியால்பேட்டையிலிருந்து கூப்பிடும் நேரம். நாலு நாளாக எடுக்கவில்லை என்று அண்ணன் வழியாகச் சண்டை வந்தது.

பிரெஃபெக்த்யூருக்கு ஒரு கடிதம் பிரெஞ்சில் எழுதி வைத்திருக்கிறேன், ரெண்டு பக்கம். இங்கே ஸ்டாஜ் முடித்தவர்கள் இருந்தால், உங்கள் வகுப்பில் என்ன படம் காட்டினார்கள் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். எந்த மையம் என்ற பெயர் வேண்டாம். பனி இருந்ததா, கஷலோ இருந்ததா, அது மட்டும் போதும்.