என் பையன் பாத்திரம் தேய்த்தால் யாருக்கு அவமானம்?

அந்த வளைகாப்பு வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று இங்கே இருக்கிற சொந்தக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும், அதனால் முழுக்க விவரிக்கப்போவதில்லை. ஆனால் அக்கா, பந்தியில் அத்தனை பேர் முன்னால் "ஆம்பளப் புள்ளயப் பாத்திரம் தேய்க்க விட்டிருக்கா, அப்பத்தா துணியக்கூட அவன்தான் அலசுறானாம்" என்றீர்களே, அதை என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். இரண்டு இலை தள்ளி அவன் உட்கார்ந்திருந்தான். இப்போதெல்லாம் வீட்டுக்கு யாராவது வந்தால் கையில் இருக்கிறதை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வீட்டு வேலையைப் பிள்ளைகளோடு பங்கு போட்டுக்கொள்வதில் என்ன தப்பு? என் அத்தை, அதாவது பிள்ளைகளுடைய அப்பத்தா, வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது வந்து பார்த்தவர்கள்தானே எல்லோரும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அந்த டாக்டர்களையும் நர்சுகளையும் கையெடுத்துக் கும்பிடுவேன். அப்புறம்? வீட்டுக்கு வந்த பிறகு அவர்களைத் தூக்கி உட்காரவைக்க, புண் வராமல் திருப்பிப் படுக்கவைக்க, நேரத்துக்கு மாத்திரை கொடுக்க யார் வந்தீர்கள்? ஆள் வைக்கலாம் என்று விசாரித்தால் கடையில் எனக்குக் கொடுக்கிற சம்பளத்தைவிட அதிகம் கேட்கிறார்கள். மலம், மூத்திரம் எடுப்பது நான்தான், அதைப் பிள்ளைகளிடம் விட்டதே இல்லை. பையன் பாத்திரம் தேய்த்து, தண்ணீர் பிடித்து, போர்வையும் துண்டும் அலசிப்போடுகிறான். சின்னவள் கூட்டிப் பெருக்கி, அப்பத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். சின்னவளுக்காக அந்தப் பந்தியில் ஒருத்தர்கூடப் பரிதாபப்படவில்லை என்பதையும் கவனித்தேன்.

குழந்தைத் தொழிலாளர் என்ற வார்த்தையைக்கூட யாரோ சொன்னீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து பிள்ளை தன் குடும்பத்துக்கு உதவுவதை 1986 சட்டமும் அதற்கு 2016-ல் வந்த திருத்தமும் குற்றம் என்று சொல்லவில்லை. படிப்பு கெட்டுவிடும் என்பீர்கள். ஆமாம், அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது, பரீட்சை வந்தால் எல்லாவற்றையும் நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

நான் உசிலம்பட்டிப் பக்கம் வளர்ந்தவள். அம்மா மஞ்சள் காமாலையில் படுத்தபோது சோறு பொங்கி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, தம்பியைக் குளிப்பாட்டி, அவசரமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அண்ணன் கபடி ஆடிவிட்டு வந்து சாப்பிட்டுப் படுத்தான். அப்போது ஊரே என்னைப் "பொறுப்பான பொண்ணு" என்றது. இன்றைக்கு அதே வேலையை என் பையன் செய்தால் மட்டும் உங்களுக்கு நெஞ்சு பதறுகிறது. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்கிற பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடமும் செய்கிற ஆண்கள் 97 நிமிடமும் செலவழிப்பதாக வந்தது. அந்த 97-ஐக் கொஞ்சம் ஏற்றுவதற்கு என் வீட்டில் நான் பாடுபடுகிறேன், நீங்கள் அவனை வெட்கப்படவைத்து மறுபடி இறக்கப் பார்க்கிறீர்கள்.

அரசாங்கம்தான் எல்லாம் செய்கிறதே என்று மாமா கேட்டார். செய்கிறது மாமா, யார் இல்லையென்றது. 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பிசியோதெரபியும் இருக்கிறது, நல்ல திட்டம். அவர்கள் வந்துவிட்டுப் போன பிறகு ராத்திரிக்கு யார்? முதல்வர் காப்பீடு வருடத்துக்கு 5 லட்சம், ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் பத்தாயிரம். அதைத் தாண்டியதால் எங்களுக்கு அட்டை கிடையாது. 70 வயதானவர்களுக்கு வருமானம் பார்க்காமல் காப்பீடு என்று 2024-ல் மத்திய அரசு கொண்டுவந்தது, அத்தைக்கு 66. சரி, அட்டையே கிடைத்தாலும் அது ஆஸ்பத்திரிக் கட்டிலோடு முடிந்துவிடுகிறது. வீட்டில் படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. ஆபரேஷனுக்குத் திட்டம் போட்டவர்கள் அதற்குப் பிறகு வருகிற மாதங்களை வீட்டுப் பொம்பளை பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டார்கள், அந்தப் பொம்பளைக்கு வேலை இருக்கா, உடம்பு முடியுமா என்று யாரும் கேட்கவில்லை.

மதுரை தோப்பூரில் எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2022-ல் சேர்ந்த முதல் 50 மாணவர்கள் ராமநாதபுரத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்கள். பெரிய கட்டிடங்கள் வரட்டும், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நான் கட்டிடம் கேட்கப்போவதில்லை. படுத்த படுக்கையாக ஆள் இருக்கிற வீட்டுக்குத் தினமும் கொஞ்ச நேரம் வந்து பார்த்துக்கொள்ள சம்பளம் கொடுத்து ஓர் ஆளை அனுப்புவீர்களா, வருமான வரம்பை உயர்த்துவீர்களா என்று கேட்பேன். பையனையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டுதான் கேட்பேன்.