ஒயிட் ஒயின் எல்லாம் ஒரே ருசியா?
ஓசூர் பக்கம் வாட்ஸ்அப்பில் 'ஒயிட் ஒயின் எல்லாம் ஒன்றுதான், லேபிள்தான் வேறு' என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தப்பு. நம்மூர் பசுமைக்குடில் குடமிளகாயைப் பச்சையாக நறுக்கினால் ஒரு வாசம் வருமே, சாவிஞான் பிளாங்க் என்ற ஒயிட் ஒயின் வகையில் பல சமயம் அதுவேதான் வரும், இரண்டிலும் இருப்பது பைரசீன் வகைச் சேர்மம். ஷார்டனே என்ற இன்னொரு வகைக்கு அப்படித் தூக்கலான வாசம் கிடையாது. ஆனால் அதிலுள்ள மாலிக் அமிலத்தை பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றும்போது டைஅசிட்டைல் என்ற சேர்மம் உண்டாகி வெண்ணெய் மணம் வந்துவிடுகிறது. ரீஸ்லிங் என்ற வகையில் புளிப்புதான் முன்னால் நிற்கும், வயதானால் மண்ணெண்ணெய் வாடைகூட வரும், கெட்டுப்போச்சு என்று கொட்டிவிடாதீர்கள். சரி, பலருக்கு ஏன் வித்தியாசமே தெரிவதில்லை? ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த சில்லிப்போடு குடித்தால் வாசம் எழும்பாது. 10 டிகிரி வரை குளிர் தணிய விட்டு, ஒரே மாதிரி கிளாஸ்களில் ஊற்றி, முதலில் முகர்ந்து பாருங்கள்.