எத்தனை பேர் என்றுதானே கேட்டேன்

"அப்போ ராத்திரி அந்தப் பெரிய டெலஸ்கோப்ல நாம எல்லாரும் ஒரு தடவை எட்டிப் பார்த்துடலாம், இல்லம்மா?"

விடுமுறைக்கு டர்பனிலிருந்து கேப்டவுனுக்கு வரப்போகும் சொந்தங்களோடு சதர்லேண்ட் வானாய்வகம் போக நான் திட்டம் போட, இன்று காலை குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியம்மா போட்ட மெசேஜ் இது. இதற்கான பதிலை நான் கை வலிக்க டைப் பண்ணி வைத்தது அதற்குச் சற்று மேலேயே கிடக்கிறது. நீல டிக்கும் விழுந்திருக்கிறது. யார் வீட்டுப் பூனை படித்ததோ தெரியவில்லை.

சரி, கடைசித் தடவையாகச் சொல்கிறேன். சதர்லேண்டில் இருக்கும் சால்ட் என்கிற தென்னாப்பிரிக்காவின் பெரிய தொலைநோக்கியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. நாம் மட்டுமில்லை, அங்கே ஆராய்ச்சி பண்ணுகிறவருக்கும் அந்தக் கொடுப்பினை கிடையாது. அதில் கண் வைத்துப் பார்க்க இடமே இல்லை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமான 91 அறுகோணக் கண்ணாடிகள் வெளிச்சத்தைச் சேர்த்து கேமராவுக்கும், அதை நிறம் நிறமாகப் பிரிக்கும் நிறமாலைக் கருவிக்கும் அனுப்பும். அவர்கள் பார்ப்பது கம்ப்யூட்டர் திரையை. அந்தத் தொலைநோக்கியை நேரில் பார்க்க ஆசை என்றால் பகல் டூர். நட்சத்திரம் பார்க்க ஆசை என்றால் இரவு டூர். இரவில் பெரிய தொலைநோக்கிகள் பக்கம் யாரையும் விடமாட்டார்கள், ஒரு காரின் முகப்பு விளக்கு போதும் அவர்கள் வேலை கெட. பார்வையாளர் மையத்தில் வைத்திருக்கும் சின்னத் தொலைநோக்கிகளில்தான் காட்டுவார்கள். இரண்டுக்கும் முன்பதிவு வேண்டும். முன்பதிவுக்குத் தலைக்கணக்கு வேண்டும்.

அந்தத் தலைக்கணக்கைத்தான் கேட்டேன். வேறு எதையும் கேட்கவில்லை. பெட்ரோலுக்குப் பணம் கேட்டேனா? யாரையாவது வண்டி ஓட்டச் சொன்னேனா? "எத்தனை பேர் வர்றீங்க?" மூன்றே வார்த்தை. இதற்கு ஒரு நம்பர் பதிலாக வரும் என்று உலகம் நம்புகிறது. எங்கள் குரூப்பில் கட்டைவிரல் வரும். கட்டைவிரல் என்றால் ஒருத்தரா, குடும்பத்தோடா, மாமியாரையும் சேர்த்தா? சித்தி கும்பிடு போட்டார். டர்பன் மச்சான் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கப் படம் அனுப்பினார், அதுவும் சாயங்காலம். அத்தை "பார்த்துட்டு சொல்றேன்மா" என்றார். எதைப் பார்க்க வேண்டும் அத்தை? வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றா?

அப்புறம் வந்தது பெரியப்பாவின் வாய்ஸ் நோட். ஏழு நிமிடம்.

இதைப் படிக்கிற எல்லாருக்கும் ஒரு பெரியப்பா இருப்பார், அதனால் பாதி உங்களுக்கே தெரியும். முதலில் இருமல். பிறகு "பட்டன் பிடிச்சிருக்கேனா? ஏய், இது ஓடுதா?" பிறகு டர்பன் சாட்ஸ்வொர்த் வீட்டுச் சமையலறையில் குக்கர் விசில். பெரியப்பா பேச்சை நிறுத்தி விசிலை எண்ணுகிறார். பெரியம்மா உள்ளேயிருந்து பருப்பைப் பற்றி ஏதோ கேட்க, அதற்கு ஒரு விவாதம். டிவியில் யாரோ அவுட்டாக, "சீ!" பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு "அம்மாடி, நீ கேட்டதுக்கு வரேன்" என்றார். நான் பேனாவை எடுத்தேன். சத்தியமாக எடுத்தேன்.

"அந்தக் காலத்துல உங்க தாத்தா கோம்பி வேன்ல எங்களை ஜோகன்னஸ்பர்க் கூட்டிட்டுப் போவார்…"

போச்சு. கோம்பி போனது, வழியில் டயர் பஞ்சரானது, பாட்டி பட்கோஸாக, அதாவது வழிச் சாப்பாடாக, கட்டிக் கொடுத்த ரொட்டியைக் குரங்கு தூக்கிக்கொண்டு போனது எல்லாம் வந்தது. அந்தக் குரங்கின் குணநலன்கள் மட்டும் ஒரு நிமிடம். அங்கிருந்து நேராக விண்வெளிக்கு ஏறினார். "எதுக்கு சதர்லேண்ட்? ஜோபர்க் பக்கத்துலயே நாசா இருந்துச்சு, தெரியுமா? செவ்வாய் கிரகப் படமே அங்கதான் வந்துச்சு!" இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது சரி. ஹார்ட்டிபீஸ்ட்ஹூக்கில் 1961இல் நாசா 26 மீட்டர் கிண்ண ஆன்டெனா ஒன்றை நிறுத்தியது. 1965இல் மாரினர் 4 விண்கலம் அனுப்பிய செவ்வாய்ப் படங்களை வாங்கிய நிலையங்களில் அதுவும் ஒன்று. பத்து வருடம் கழித்து நாசா கிளம்பிப் போனபின் அது ரேடியோ வானியல் நிலையமாகிவிட்டது. எல்லாம் வாஸ்தவம். ஆனால் நான் இருப்பது கேப்டவுனில், ரைலண்ட்ஸில். ஜோபர்க் இங்கிருந்து 1,400 கிலோமீட்டர். அவர்கள் விடுமுறைக்கு விமானம் ஏறி வரப்போவதும் கேப்டவுனுக்கு.

கடைசி அரை நிமிடத்தில், "சரி, விஷயத்துக்கு வரேன். எல்லாரும் வர்றதாத்தான் பேச்சு. ஆனா யாரு வருவாங்க, யாரு வரமாட்டாங்கன்னு இப்பவே எப்படிச் சொல்றது?" க்ளிக். முடிந்தது.

எங்கேயாவது ஒரு நம்பரை நான்தான் தவறவிட்டேனோ என்று சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்கில் உட்கார்ந்து மறுபடி முழுசாகக் கேட்டேன். இல்லை. குக்கர் விசில் மட்டும் மூன்று.

சால்ட் தொலைநோக்கி மேலும் கீழும் சாயாது. 2005இல் திறந்தபோது எப்படி இருந்ததோ, இன்றும் செங்குத்திலிருந்து 37 பாகை. செலவு குறையட்டும் என்று அப்படிக் கட்டியது. ஆனால் அதுகூட இடம் வலமாகச் சுற்றிவரும். எங்கள் பெரியப்பா அதுவும் மாட்டார்.

தேதி விஷயம் தனிக் கச்சேரி. நிலா வெளிச்சம் இருந்தால் பால்வீதி மங்கிவிடும், அதனால் அமாவாசையை ஒட்டிப் போவோம் என்றேன். ஜூன், ஜூலையில் பால்வீதியின் நடுப்பகுதி விருச்சிகத்தோடு தலைக்கு மேலேயே நிற்கும், வடக்கே இருக்கிறவர்களுக்கு இது கிடைக்காது என்றும் எழுதினேன். "அமாவாசையில பயணமா? பௌர்ணமி பார்த்து வைம்மா, நல்ல நாள்" என்றார் அத்தை. நட்சத்திரம் பார்க்கப் பௌர்ணமி! வெள்ளிக்கிழமை கூடாது, மாமாவுக்கு விரதம். சனிக்கிழமை கூடாது, மச்சானுக்கு ரக்பி. ஆடி பிறந்துவிட்டால் கோவிலில் கூழ் ஊற்றுவார்கள், யாரும் அசையமாட்டார்கள்.

சரி, தேதியை விடுங்கள். "காலையில போய் ராத்திரி வந்துடலாம்ல?" என்று ஒரு கோஷ்டி. கேப்டவுனிலிருந்து சதர்லேண்ட் 370 கிலோமீட்டர். என்1 நெடுஞ்சாலையில் ஹியூகனாட் சுரங்கம் தாண்டி, வூஸ்டர் தாண்டி, மாட்ஜிஸ்ஃபொன்டைனில் வடக்கே திரும்பினால் அப்புறம் நூறு கிலோமீட்டருக்கு மேல் கரூ என்கிற வறண்ட பொட்டல்தான், நடுவில் ஒரு ஊர் இல்லை. இரவு டூர் முடிந்து அந்த இருட்டில், கூடு மான் குறுக்கே பாயும் ரோட்டில், வண்டி நிறையக் குழந்தைகளோடு திரும்பி வர வேண்டுமாம். தங்கலாம் என்றால், "ஒரு ராத்திரிக்கு எதுக்கு ரூம்? கோம்பியிலயே படுத்துக்கலாம்" என்கிறார் மச்சான். டர்பனில் கொஞ்சம் காற்றடித்தாலே இரண்டு ஜெர்சி மாட்டுகிற ஆள். நாட்டிலேயே குளிருக்குப் பேர்போன ஊரில், ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிற மாதத்தில், வண்டிக்குள் படுப்பாராம். விடியற்காலையில் நான் வெந்நீர் ஊற்றித்தான் எடுக்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "பேசாம பதினஞ்சு பேருன்னு போட்டுடு" என்றார், செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். நீங்களும் வர்றீங்களா என்று கேட்டேன். "பார்த்துட்டு சொல்றேன்."

எனக்கு அப்போது சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. குழந்தைகள் பயந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன்.

சிரித்து முடித்து, பெரியம்மாவுக்கு மறுபடி எல்லாவற்றையும் டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். பாதியில் மச்சானிடமிருந்து புதிதாக ஒரு கட்டைவிரல் வந்திருக்கிறது. எந்த மெசேஜுக்கு என்று தெரியவில்லை.

ஆமாம், இதே குரூப்பில்தான் கேட்க வேண்டும்: போன தீபாவளிக்கு என் பெரிய பிரியாணிச் சட்டியை டர்பனுக்குத் தூக்கிக்கொண்டு போனது யார்? மூடியும் சேர்த்து வேண்டும். இதற்கும் கட்டைவிரல் போட்டீர்களென்றால் நான் மனுஷியாக இருக்கமாட்டேன்.