உழுகிறவர் கணக்கில் அந்த இரண்டாயிரம் எப்போது ஏறும்?

ஒன்றிய அரசின் உழவர் உதவியான பி.எம்.கிசான் பணம் ஏறுகிற அன்றைக்கு மதுரை மாவட்டத்தில் எங்கள் மேலூர்ப் பக்கம் டீக்கடையில் "உனக்கு வந்துருச்சா?" என்பதுதான் பேச்சு. வரப்பில் நிற்கிறவர்கள் பாதிப்பேர் அந்தப் பேச்சில் கலந்துகொள்வதே இல்லை. அவர்கள் பெயரில் பட்டா கிடையாது.

2019-ல் வந்த இந்தத் திட்டத்தில் வருடத்துக்கு 6,000 ரூபாய், இரண்டாயிரம் வீதம் மூன்று தவணை. ஆனால் 2019 பிப்ரவரி 1 அன்று யார் பெயரில் நிலம் இருந்ததோ அவருக்குத்தான். அதற்குப் பிறகு வாரிசு வழியாக வந்த நிலத்துக்கு உண்டு, விலைக்கு வாங்கினால் இல்லை. குத்தகைக்கும் வாரத்துக்கும் (விளைச்சலில் பங்கு பேசி) உழுகிறவர்களுக்கு எதுவுமே இல்லை.

எங்கள் பக்கத்து வயலை ஓர் அண்ணன் பல வருடமாகக் குத்தகைக்கு உழுகிறார். பெரியாற்றுக் கால்வாயில் கள்ளந்திரி என்கிற ஊரைத் தாண்டி இருக்கிற எங்களுக்குத் தண்ணீர் ஒரு போகத்துக்குத்தான். அதுவும் திறக்கிற தேதி தள்ளிப்போனால் நாற்று முற்றிவிடும். விளைந்தாலும் விளையாவிட்டாலும் ஏக்கருக்குப் பேசின மூட்டையை அளந்தாக வேண்டும். உரக்கடையில் கடன் சொல்லி நிற்பது இவர். இரண்டாயிரம் ஏறினதாக மெசேஜ் வருவது சென்னையில் இருக்கிற பட்டாதாரருக்கு. அந்தப் பணத்தில் ஒரு மூட்டை டி.ஏ.பி.யும் (1,350 ரூபாய்) இரண்டு மூட்டை யூரியாவும் வாங்கலாம். நடவு நேரத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

பட்டாதாரர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. விதி அப்படி, அவருக்கு வருகிறது. ஆனால் இது உழவர் உதவி என்றால் உழுகிறவருக்குத்தான் போக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

"குத்தகையைப் பதிந்துகொள்ள வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்கிறார்கள். சட்டம் இருக்கிறது. 1955-ல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1969-ல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டமும் வந்தது. பதிந்துவிட்டால் ஆளைக் கிளப்ப முடியாது என்று நிலக்காரருக்குப் பயம். கேட்டால் அடுத்த வருடம் வயல் கிடைக்காது என்று உழுகிறவருக்குப் பயம். அதனால் எல்லாமே வாய்ப்பேச்சு. கோயில் நிலம் உழுகிறவர்களிடம் ரசீதாவது இருக்கும், அவர்களுக்கும் இந்தப் பணம் கிடையாது.

ஆந்திராவில் 2019-ல் ஒரு சட்டம் போட்டு, பதினொரு மாதத்துக்குச் சாகுபடியாளர் அட்டை கொடுத்தார்கள். நில உரிமையில் கை வைக்காமல், பயிர்க்கடன், நிவாரணம் போன்ற சாகுபடி உதவிகளுக்கு மட்டும் செல்லும். அதிலும் நிலக்காரர் கையெழுத்து கேட்டார்கள், அங்கேதான் பலருக்குச் சிக்கல். அந்தக் கையெழுத்து இல்லாமலே இங்கே செய்ய வழி இருக்கிறது. இந்தப் போகத்தில் எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. அடங்கல் என்கிற கிராமப் பயிர்க் கணக்கில் எழுதுகிறாரே, அதிலேயே யார் சாகுபடி செய்கிறார் என்பதையும் வயலுக்கு வந்து பார்த்து ஒழுங்காக எழுதட்டும். பணம் அந்தப் பெயருக்குப் போகட்டும்.

பெண்கள் கதை இன்னும் மோசம். மாமனார் பெயரிலேயே கிடக்கும் பட்டா, பெயர் மாற்றப் பங்காளிகள் கையெழுத்துப் போட மாட்டார்கள். களையெடுப்பு முதல் கதிரறுப்பு வரை வயலிலேயே கிடக்கிற அக்காமார்கள் அரசுக் கணக்கில் விவசாயியே இல்லை.

அடுத்த கிராம சபையில் எங்கள் ஊரில் குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுகிறவர்கள் பட்டியலை வாசித்துத் தீர்மானமாகப் போடக் கேட்கப்போகிறோம். வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் இருக்கிறவர்கள் உங்கள் ஊரிலும் கேளுங்கள். தீர்மானம் போட்டால் நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் எல்லா ஊர் நகலையும் சேர்த்துக் கொடுப்போம்.