2520-ஐக் கண்டுபிடித்தவர் ராமானுஜன் இல்லை

1 முதல் 10 வரை எல்லா எண்ணாலும் மீதியின்றி வகுபடும் ஒரே எண் 2520, அதைக் கண்டுபிடித்தவர் ராமானுஜன் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. வகுபடுவது சரிதான். ஆனால் "ஒரே எண்" என்பது தவறு, ஏனென்றால் அதை இரண்டால் பெருக்கினால் வரும் 5040-உம் வகுபடும், 7560-உம் வகுபடும், இப்படி முடிவில்லாமல் போகும். 2520 அவற்றில் மிகச் சிறியது, அவ்வளவுதான்.

இதில் மர்மமும் இல்லை. 8, 9, 5, 7 நான்கையும் பெருக்கிப் பாருங்கள், 2520 வந்துவிடும். மிச்சமிருக்கும் 2, 3, 4, 6, 10 எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. பள்ளியில் படித்த மீச்சிறு பொது மடங்குதான் இது, ராமானுஜன் பிறப்பதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் இதற்கு வழி எழுதிவிட்டார். இதே முறையில் 20 வரை போனால் 23,27,92,560 கிடைக்கும்.

7 × 30 × 12 = 2520, அதாவது வாரத்தின் நாள், மாதத்தின் நாள், ஆண்டின் மாதம் என்று சொல்வதும் தற்செயல்தான், எல்லா மாதத்துக்கும் 30 நாள் இல்லையே.

எனக்கு வருத்தம் என்னவென்றால், ராமானுஜன் உண்மையில் செய்தது இதைவிட எவ்வளவோ பெரிது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றி 1915-இல் நீண்ட ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார், லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில். அந்த வகையில் 2520-உம் ஒன்று: அதற்கு 48 வகுத்திகள், 5040 வரும்வரை எந்த எண்ணும் அதைத் தாண்டுவதில்லை.